ட்ராட்ஸ் கேள்வி பதில்: கூட்டம் இல்லாத ட்ராக்கு, ஓயாத பெட்டிங்கு

போன இதழ்ல ஆஸ்திரேலியா நியூசிலாந்து பக்கம் நடக்குற சல்கி வண்டி குதிரை ரேஸ் (ஹார்னஸ், ட்ராட்ஸ்னு சொல்றதெல்லாம் இதைத்தான்) பத்தி, அதுவும் கொரோனா காலத்துல ஊரே பூட்டிக் கெடந்தப்ப ஆஸ்திரேலியாவுல அது மட்டும் பெரும்பாலும் நிக்காம ஓடினது பத்தி சின்னதா எழுதியிருந்தேன். அதுக்கு இவ்ளோ கடுதாசி வரும்னு நினைக்கல, அதனால இந்த தடவை சினிமா அரசியல் கேள்வியெல்லாம் கொஞ்சம் ஒதுங்கி நிக்கட்டும்.

எங்க ஊர் ரேக்ளா மாதிரிதானே இதுவும்? ஆனா குதிரை பாய்ச்சல்ல ஓடக்கூடாதுன்னு எழுதியிருந்தீங்க, பாயாம அப்புறம் என்ன ரேஸு?
– வாசகர், கோவை

வண்டி கட்டி ஓட்டுறதுங்குற வரைக்கும் ரேக்ளாதான். இங்க காளைக்கு பதில் ஸ்டாண்டர்ட்பிரெட்னு ஒரு ஜாதி குதிரை, சல்கிங்குறது ரெண்டு சக்கரமும் நடுவுல ஒரு சின்ன சீட்டும் உள்ள லேசான வண்டி, டிரைவர் காலை முன்னாடி நீட்டிக்கிட்டு குதிரை வாலுக்கு நேர் பின்னாடி உக்காந்திருப்பார், மழை நாள்ல ரேஸ் முடிஞ்சு வந்தா மூஞ்சி பூரா சேறுதான். பாயக்கூடாதுங்குறதுதான் இந்த ஆட்டத்தோட விஷயமே. ட்ராட்டர்னா முன் வலது காலும் பின் இடது காலும் சேர்ந்து போகும், பேசர்னா ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போகும், ஒட்டகத்துக்கு இருக்குற நடை இதுதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்காவுல பேசர்தான் ஜாஸ்தி, சுவீடன் பிரான்ஸ்ல ட்ராட்டர் மட்டும்தான். பேசருக்கு நடை மாறாம இருக்க காலை சுத்தி ஹாப்பிள்னு ஒரு வார் மாட்டி விடுவாங்க. அதையும் மீறி பாய்ச்சல் எடுத்துடுச்சுன்னா டிரைவர் உடனே இழுத்துப் பிடிச்சு, அடுத்தவனுக்கு குறுக்க போகாம ஒதுங்கி, மறுபடி நடைக்கு கொண்டு வரணும். அதுக்குள்ள மத்த குதிரையெல்லாம் போய் சேர்ந்துடும். ஃபேவரிட் குதிரை ஸ்டார்ட்லயே பாய்ச்சல் எடுத்து ஊர்ப் பணமெல்லாம் முதல் 50 மீட்டர்ல போறது இங்க அடிக்கடி பாக்குற காட்சி.

மெல்டன் ட்ராக் எங்க வீட்டுலருந்து பக்கம், அப்பப்ப போய் பாப்பேன் அண்ணே. முன்னாடி போற குதிரை ஜெயிக்குது, அதுக்கு பக்கத்துலயே வெளிய ஓடுறது கடைசி ஸ்ட்ரெயிட்ல அப்படியே பின்னாடி வந்துடுது. எப்பவுமே இப்படித்தானா? இதுல டிரைவருக்கு என்ன வேலை?
– வாசகர், மெல்டன், விக்டோரியா

நீங்க பாத்த அந்த வெளி இடத்துக்கு பேரே டெத் சீட் தம்பி, மரண சீட்டு. முன்னாடி காத்தை தடுக்க யாரும் இல்ல, உள்பக்கம் கம்பி ஓரத்துல லீடர் இருக்கான், வளைவு முழுக்க அதிக தூரம் ஓடணும். எவ்ளோ அதிகம்னு கணக்கு போட்டுப் பாருங்க, ட்ராக் பெருசா சின்னதாங்குறது இதுல விஷயமே இல்ல, ஒன்றரை மீட்டர் வெளிய தள்ளி ஓடினா ஒரு முழு சுத்துக்கு கிட்டத்தட்ட ஒன்பதரை மீட்டர் எக்ஸ்ட்ரா. ரெண்டு சுத்து ரேஸ்னா 19 மீட்டர். மூக்கு நீளத்துல தீர்ப்பு ஆகுற ரேஸ்ல 19 மீட்டர்!

அதனால நல்ல இடம்னு சொன்னா ஒண்ணு லீடு, இல்லன்னா லீடருக்கு நேர் பின்னாடி, இல்லன்னா டெத் சீட்ல இருக்குறவனுக்கு நேர் பின்னாடி, இந்த மூணாவதை ஒன் ஒன்னு சொல்லுவாங்க, காத்தும் படாது வழியும் அடைபடாது. லீடர் முதுகுல இருக்குறது காத்துக்கு சொகுசுதான், ஆனா கடைசில வெளிய வர இடம் கிடைக்கலன்னா தெம்பு பூரா மிச்சம் இருந்தும் பொட்டில மாட்டின மாதிரி வர வேண்டியதுதான். அதுக்காகத்தான் சில ட்ராக்ல கடைசி ஸ்ட்ரெயிட்ல மட்டும் உள்பக்கம் ஒரு லேன் கூடுதலா திறந்து விட்டிருப்பாங்க, ஆஸ்திரேலியாவுல ஸ்பிரிண்ட் லேன்னு சொல்லுவாங்க, நியூசிலாந்துல பாஸிங் லேன்.

டிரைவருக்கு என்ன வேலைன்னு கேட்டீங்களே, முக்காவாசி வேலை முதல் 300, 400 மீட்டர்ல முடிஞ்சுடுது. ஒரு கார் ரெண்டு பக்கமும் கை மாதிரி கேட்டை விரிச்சுக்கிட்டு முன்னாடி போகும், குதிரையெல்லாம் அதுக்கு பின்னாடி வரிசையா வரும், வேகம் பிடிச்சதும் கார் விலகிடும், அவ்வளவுதான் சண்டை ஆரம்பம். லீடு கிடைச்சவன் அடுத்து பண்றது என்னன்னா வேகத்தை குறைச்சுடுவான். இதைப் புரிஞ்சுக்கிட்டா மொத்த ஆட்டமும் புரிஞ்சுடும். கடைசி மைலை நாலு குவார்ட்டரா பிரிச்சு டைம் எடுப்பாங்க. ஒரு ரேஸ்ல 31, 31, 28, 27 செகண்டுன்னு வையுங்க, மொத்தம் 1 நிமிஷம் 57 செகண்டு. இன்னொரு ரேஸ்ல 28.5, அப்புறம் மூணு தடவை 29.5, அதுவும் அதே 1.57தான். ஆனா ரெண்டும் வேற வேற ரேஸு. முதல் ரேஸ்ல லீடர் பாதி தூரம் வாக்கிங் போயிட்டு கடைசி அரை மைலை 55 செகண்டுல ஓடுறான், 20 மீட்டர் பின்னாடி இருக்குற குதிரை அவனை எட்டிப் பிடிக்கணும்னா அதே அரை மைலை 53 செகண்டு சில்லறைல முடிக்கணும், அதுவும் வெளிப்பக்கமா சுத்தி வந்து. அது பேய் குதிரையா இருந்தாத்தான் முடியும். ரெண்டாவது ரேஸ்ல ஆரம்பத்துலயே அடிச்சுக்கிட்டதால லீடருக்கும் டெத் சீட்டுக்கும் கடைசில மூச்சு வாங்கும், பின்னாடி சும்மா உக்காந்து வந்தவன் வந்து அள்ளிட்டு போயிடுவான். அதனால பேப்பர்ல டைம் மட்டும் பாத்துட்டு இது வேகமான குதிரைன்னு பணம் கட்டுறவங்களைப் பாத்தா எனக்கு பாவமா இருக்கும், குவார்ட்டர் குவார்ட்டரா பாக்கணும்.

ஒரு ரேஸ்ல ஃபேவரிட் குதிரை லீடுல இருந்துச்சு, பக்கத்துல வந்தவனுக்கு டிரைவர் லகானை இழுத்து வழி விட்டுட்டார், கடைசில தோத்தும் போச்சு. இது அப்பட்டமான பிக்சிங் இல்லையா? ஸ்டூவர்டுகள் (ரேஸ் நடுவர்கள்) என்ன பண்றாங்க?
– வாசகர், டாண்டெனாங்

லீடை விட்டுக் கொடுக்குறது தப்பே இல்லைங்க, ஹேண்ட் அப் பண்றதுன்னு சொல்லுவாங்க, தன்னைவிட நல்ல குதிரை வந்தா அவனை முன்னாடி விட்டு அவன் முதுகுல சொகுசா உக்காந்து வந்து ரெண்டாவது பரிசாவது வாங்கலாம், கடைசில லேன் கிடைச்சா ஜெயிக்கவும் செய்யலாம். தன்னைவிட மட்டமான குதிரைக்கு, அதுவும் ஒரு சண்டையும் போடாம விட்டுக் கொடுத்தாத்தான் கேள்வி வரும்.

ஆஸ்திரேலிய ஹார்னஸ் விதிகள்ல 149ன்னு ஒண்ணு இருக்கு. தன் குதிரை ஜெயிக்கவோ இல்ல கிடைக்குறதுல நல்ல இடத்துக்கு வரவோ முழு வாய்ப்பு கிடைக்குற மாதிரி, நியாயமான எல்லாத்தையும் டிரைவர் செஞ்சிருக்கணும். அதுலயே இன்னொரு பிரிவு, ஸ்டூவர்டுகள் பார்வைல ஏத்துக்க முடியாத மாதிரி வண்டி ஓட்டக்கூடாது. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெருசு. முதலாவது ஜெயிக்க வழி இருந்தும் செய்ய வேண்டியதை செய்யாம விட்டியாங்குற மாதிரி போகும். ரெண்டாவதுக்கு நோக்கமே வேண்டாம், நீ நேர்மையானவனாவே இருக்கலாம், ஆனா ஓட்டினது மகா மட்டம், ரசிகன் பணம் கட்டியிருக்கான், வீட்டுல போய் உக்காருன்னு சில வாரம் சஸ்பெண்ட் பண்ணிடலாம்.

விசாரணை ரூம்ல நடக்குறது நம்ம பஞ்சாயத்து மாதிரி சத்தமெல்லாம் இருக்காது. வீடியோவை ஓட விட்டு நிறுத்தி நிறுத்தி கேப்பாங்க. முதல் குவார்ட்டர் இவ்ளோ ஸ்லோவா போகுதுன்னு உனக்கு தெரியலையா, தெரிஞ்சும் ஏன் மூணாவது வரிசையிலயே உக்காந்திருந்த, 600 மீட்டர் இருக்கும்போது ஏன் வெளிய எடுக்கல, காது அடைப்பை ஏன் கழட்டல. குதிரைக்கு சத்தம் கேக்காம இருக்க காதுல அடைப்பு வெச்சிருப்பாங்க, கடைசில கயித்தை இழுத்தா கழண்டு வரும், திடீர்னு வர்ற சத்தத்துல குதிரைக்கு ஒரு வேகம் வரும், அதைக் கழட்ட மறந்தா அதுக்கும் பதில் சொல்லணும். டிரைவர் பதில் பெரும்பாலும் குதிரை இழுத்துக்கிட்டே வந்துச்சு, ட்ரெயினர் பொறுமையா ஓட்டச் சொன்னார், இடம் கிடைக்கல, இப்படித்தான் இருக்கும். இதுல எது பொய் எது நிஜம்னு சொல்றதுக்கு அந்த குதிரையோட பழைய ஓட்டமெல்லாம் மனசுல இருக்கணும், பெட்டிங் பணம் எந்தப் பக்கம் போச்சுன்னும் தெரியணும். என்னைக் கேட்டா இந்த விளையாட்டுல ரேஸை முடிவு பண்றது டிரைவரோட ஒரு நொடி யோசனை, அதனால இதுல ஸ்டூவர்டுதான் பாதி விளையாட்டு. கால்பந்துல ரெஃப்ரி தப்பு பண்ணினா திட்டிட்டு போயிடலாம், இங்க ஸ்டூவர்ட் மேல நம்பிக்கை போச்சுன்னா பணம் கட்ட ஆள் வராது, ஆள் வரலன்னா ரேஸே இல்ல.

மெல்போர்ன்ல அஞ்சு கிலோமீட்டர் தாண்டி அம்மாவை பாக்க போக முடியல, ராத்திரி எட்டு மணிக்கு மேல ஊரடங்கு. அந்த நேரத்துல குதிரை மட்டும் எப்படி ஓடிச்சு? கோவமா கேக்குறேன்.
– வாசகி, கிளேட்டன்

கோவம் நியாயம்தாங்க. 2020 ஆகஸ்ட் 2ல இருந்து மெல்போர்னுக்கு ஸ்டேஜ் 4 ஊரடங்கு, கல்யாணத்துக்கு ஆள் இல்ல, சாவுக்கு பத்து பேரு, ஆனா டிவில மட்டும் ராத்திரி ராத்திரி லைட்டு போட்டு ரேஸு.

அவங்க சொன்ன காரணம் என்னன்னா, குதிரையை லாயத்துல பூட்டி வெச்சுட்டு போக முடியாது, தினம் தீனி போடணும் ஓட வெக்கணும், அதை நம்பி கிராமத்துல குடும்பங்கள் இருக்கு, ரேஸ் நின்னா பரிசுப் பணம் இல்ல, பரிசுப் பணம் இல்லன்னா தீனி இல்ல. அதுல பொய் ஒண்ணும் இல்ல, ஹார்னஸ்ல பெரிய முதலாளிங்க கம்மி, அப்பாவே ட்ரெயினர் மகனே டிரைவர் மருமகளே லாயம் பாத்துக்குறவங்கன்னு நிறைய குடும்பம். ஆனா சொல்லாத காரணம் ஒண்ணு இருக்கு, அரசுக்கும் இதுல வரி வருது. விக்டோரியா 2019 ஜனவரில இருந்தே ஆன்லைன் புக்கிகள் கிட்ட நுகர்வு இடத்து வரின்னு (பெட் கட்டுறவர் இருக்குற மாநிலத்துக்கு சேர்றது) 8 சதவீதம் வாங்கிட்டு இருந்துச்சு, 2021 ஜூலைல அது 10 ஆச்சு. ரேஸ் நின்னா அந்த உண்டியலும் காலி.

நடத்தின விதத்தை குறை சொல்ல முடியாது. 2020 மார்ச் பாதிலயே பார்வையாளர், முதலாளி எல்லாரையும் வெளிய நிறுத்திட்டாங்க. அப்புறம் மாநிலத்தை பகுதி பகுதியா பிரிச்சு, இந்தப் பகுதி குதிரையும் டிரைவரும் இங்கதான் ஓடணும் அங்க போகக்கூடாதுன்னு கட்டுப்பாடு. ஒரு இடத்துல ஒருத்தருக்கு தொத்து வந்தாலும் மொத்த மாநிலமும் படுக்காது பாருங்க. வாசல்ல காய்ச்சல் பாக்குறது, மாஸ்க், உள்ள வர்ற ஒவ்வொருத்தர் பேரையும் எழுதி வெக்குறது, வேலை முடிஞ்சா உடனே கிளம்புறது. டாஸ்மேனியா மட்டும் இது எதையும் நம்பாம ஏப்ரல் ஆரம்பத்துலயே நிறுத்தி ஜூன்லதான் திறந்தாங்க.

ஆனா இந்த பகுதி பிரிச்சதுல டாக்டிக்ஸ் பக்கம் ஒரு விளைவு வந்துச்சு, அதை யாரும் பெருசா பேசல. அதே பத்து பதினஞ்சு டிரைவர், அதே லாயக் குதிரைகள், வாரா வாரம் ஒருத்தரோட ஒருத்தர். இவன் லீடு கிடைச்சா விட மாட்டான், அவன் எப்பவும் கடைசி 800 மீட்டர்ல கிளம்புவான், எல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். அப்படியான ரேஸ்ல யாரும் யாரையும் சீண்டாம மெதுவா போற முதல் பாதிதான் அதிகமா வரும். ஒரே ட்ரெயினரோட மூணு குதிரை ஒரே ரேஸ்ல ஓடும்போது ஒண்ணுக்கொண்ணு விட்டுக் கொடுக்குதான்னு சந்தேகமும் கூடவே வரும். டீம் போட்டு ஓட்டுறது விதிப்படி குத்தம், ஆனா டீமா இல்ல வெறும் சோம்பேறித்தனமாங்குறதை வீடியோ சொல்லாது.

குதிரைக்கு கொரோனா வந்துச்சா?
– பள்ளி மாணவி, யாழ்ப்பாணம்

அதுக்கு பயந்து யாரும் ரேஸை நிறுத்தலம்மா, பயமெல்லாம் மனுஷங்களை நினைச்சுத்தான். ஆனா 2007ல இதுக்கு நேர் தலைகீழா நடந்துச்சு, ஆஸ்திரேலியாவுல குதிரைக் காய்ச்சல் பரவி, நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்துல மனுஷங்க எல்லாம் ஜாலியா ஊர் சுத்தினாங்க, குதிரைக்கு மட்டும் லாக்டவுன், லாயத்தை விட்டு நகரக்கூடாதுன்னு உத்தரவு, ரேஸ் மாசக்கணக்குல நின்னுச்சு.

ஆளே இல்லாத ட்ராக்ல தில்லுமுல்லு பண்றது ஈஸி இல்லையா? பாக்க யாரு இருக்கா?
– வாசகர், வென்ட்வொர்த்வில், சிட்னி

ஈஸின்னு நீங்க நினைக்குற மாதிரியே நிறைய பேர் நினைச்சாங்க, ஆனா தில்லுமுல்லுவை எந்தக் காலத்துலயும் கேலரில உக்காந்து சிப்ஸ் தின்னுட்டு இருக்குறவன் கண்டுபிடிச்சதில்ல. அதைப் பிடிக்குறது ரத்த சாம்பிளு, பெட்டிங் கணக்கு, போன் ரெக்கார்டு. இதெல்லாம் கூட்டம் இல்லாமலும் நடக்கும்.

ரத்த சாம்பிள் விஷயம் கேளுங்க. ஹார்னஸ்ல ரொம்ப பழைய திருட்டு நம்ம ஆப்ப சோடா. அதை தண்ணில கலந்து மூக்கு வழியா குழாய் விட்டு குதிரை வயித்துக்குள்ள இறக்குவாங்க, பேரு மில்க்ஷேக்கு, ஓடும்போது தசைல அமிலம் சேர்ந்து களைப்பு வர்றதை கொஞ்சம் தள்ளிப் போடும்னு நம்பிக்கை. அதுக்குத்தான் ரேஸுக்கு முன்னாடியே ரத்தம் எடுத்து மொத்த கார்பன் டை ஆக்சைடு அளவு பாக்குறாங்க, லிட்டருக்கு 36 மில்லிமோல் எல்லை, அளவு பிழைக்குன்னு சின்ன சலுகை தவிர அதுக்கு மேல போனா ட்ரெயினர் மாட்டினார். லாக்டவுன்ல கூட குதிரை டாக்டரும் நர்ஸும் மாஸ்க் போட்டுக்கிட்டு ஊசி போட்டுக்கிட்டுதான் இருந்தாங்க.

கஷ்டமானது எதுன்னா விசாரணை. டிரைவரை எதிர்ல உக்கார வெச்சு மூஞ்சைப் பாத்து கேக்குறதுக்கும் போன்லயும் வீடியோ கால்லயும் கேக்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு. விக்டோரியாவுல 2019 ஆகஸ்ட்லதான் மூணு வகை ரேஸுக்கும் சேர்த்து புதுசா விக்டோரியன் ரேஸிங் ட்ரிப்யூனல்னு ஆரம்பிச்சாங்க, அது தவழ்றதுக்குள்ள கொரோனா வந்து, முதல் வருஷத்துலயே வழக்கெல்லாம் கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல நடத்த வேண்டியதாச்சு.

கொரோனாவால கெட்டுப் போச்சுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு ஞாபகப்படுத்தணும், பெரிய கேஸெல்லாம் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. 2018 செப்டம்பர்ல நியூசிலாந்து போலீஸ் ஆபரேஷன் இன்கான்னு பேர் வெச்சு ஹார்னஸ் ஆளுங்க வீடு லாயம் எல்லாம் புகுந்து சோதனை போட்டாங்க, ரேஸ் பிக்சிங்னு வழக்கு, ஆனா கோர்ட்ல பிக்சிங் வழக்கு நிக்குறது எவ்ளோ கஷ்டம்னு அதுவே காட்டுச்சு. அமெரிக்காவுல 2020 மார்ச் 9ந்தேதி, ஊக்க மருந்து கேஸ்ல 27 பேர் மேல நியூயார்க் ஃபெடரல் குத்தப்பத்திரிகை, அதுல தரோபிரெட் (ஜாக்கி மேல ஏறி ஓட்டுற ரேஸ் குதிரை) ஆளுங்களோட ஹார்னஸ் ஆளுங்களும் நிறைய. அடுத்த நாளே நியூயார்க் பக்கத்துல இருக்குற யாங்கர்ஸ் ஹார்னஸ் ட்ராக்கு மூடியாச்சு, ஏன்னா நியூ ஜெர்சில கொரோனாவுக்கு பலியான முதல் ஆளு அந்த ட்ராக்ல வேலை பாத்தவரு. ஒரு விளையாட்டுக்கு ஒரே வாரத்துல இதுக்கு மேல என்ன வரணும்.

எனக்கு உறுத்துறது வேற. ஸ்டூவர்டுக்கு சம்பளம் குடுக்குற அமைப்பும், பெட்டிங் டர்ன் ஓவர் ஏறணும்னு ஓடுற அமைப்பும் பல இடத்துல ஒண்ணே. குயின்ஸ்லாந்துல 2016ல இதைப் பிரிச்சு தனி இன்டெக்ரிட்டி கமிஷன் வெச்சாங்க, நியூசிலாந்து 2021 ஜூலைல ரேஸிங் இன்டெக்ரிட்டி போர்டுன்னு தனியா கொண்டு வந்தாங்க. சாதாரண நாள்ல டிக்கெட் காசு, கேன்டீன், டின்னர் டேபிள்னு நாலு வரவு இருக்கும், கொரோனா அதையெல்லாம் துடைச்சுட்டு பெட்டிங் பணம் ஒண்ணை மட்டும் விட்டு வெச்சுச்சு. ஒரே ஒரு வரவு இருக்குற வீட்டுல அந்த வரவு கொண்டு வர்றவனை யாரு கேள்வி கேப்பா?

அப்போ லாக்டவுன்ல லாபம் யாருக்கு? டேப் (TAB) பெட்டிங் கடையெல்லாம் மூடியிருந்துச்சே.
– வாசகர், பிரிஸ்பேன்

கடை வெச்சிருந்தவனுக்கு அடி, ஆப் வெச்சிருந்தவனுக்கு மழை. 2020 மார்ச் 23ல பப்பு கிளப்பு எல்லாம் மூடினதோட டேப் கவுண்டரும் போச்சு, அந்த நிதி வருஷம் அதை நடத்துற டேப்கார்ப் கம்பெனி 870 மில்லியன் டாலர் நஷ்டம் காட்டுச்சு, அதுல பெரும்பகுதி தொழிலோட மதிப்பை கணக்குல குறைச்சு எழுதினதால வந்தது. இன்னொரு பக்கம் ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக் ஏஎஃப்எல் மார்ச் 22ல நின்னு ஜூன் 11ல திரும்ப வந்துச்சு, ரக்பி லீக் என்ஆர்எல் மே 28 வரைக்கும் இல்ல, உலகத்துல கிட்டத்தட்ட எங்கயும் கால்பந்து இல்ல, பாக்க ஒண்ணும் இல்லாம வீட்டுல கையில போனோட உக்காந்திருந்த ஜனம் பெண்டிகோ, பாத்தர்ஸ்ட்னு வார நாள் ட்ராட்ஸ்ல கூட பணம் கட்ட ஆரம்பிச்சாங்க. ஸ்போர்ட்ஸ்பெட் மாதிரி ஆன்லைன் கம்பெனிக்கு அந்த வருஷம் பொன் விளைஞ்ச வருஷம்.

இந்தப் பணம் ரேஸுக்கு எப்படி வருதுன்னா, டோட்ல எல்லார் பணத்தையும் ஒரு பானைல போட்டு கமிஷன் எடுத்துக்கிட்டு மிச்சத்தை ஜெயிச்சவங்களுக்கு பிரிக்குறாங்க. ஆன்லைன் புக்கிகள் ஃபிக்ஸட் ரேட்டு, பெரும்பாலும் நார்தர்ன் டெரிட்டரி லைசென்ஸு, முன்னாடி மத்த மாநிலத்து ரேஸ் மேல பெட்டு வாங்கிட்டு அந்த ரேஸ்காரனுக்கு கொஞ்சமா குடுத்துட்டு இருந்தாங்க. மாநிலங்கள் டர்ன் ஓவர்ல 1.5 சதவீதம் ஃபீஸ் குடுன்னு கேட்டு, கேஸ் ஹை கோர்ட் வரைக்கும் போய், 2012ல அந்த ஃபீஸ் செல்லும்னு தீர்ப்பு வந்துச்சு. அதனாலதான் காலி ட்ராக்ல ரேஸ் நடத்துறது கட்டுபடியாச்சு. ரேஸுக்கு கூட்டம் தேவையே இல்லன்னு கண்டுபிடிச்சதுதான் கொரோனா இவங்களுக்கு சொல்லிக் குடுத்த பாடம், அது எனக்கு கொஞ்சமும் பிடிக்கல.

இன்னொண்ணு, ட்ராட்ஸ்ல டோட் பானை சின்னது, கொஞ்சம் பணம் விழுந்தாலும் ரேட்டு தடால்னு இறங்கும். ஜெயிச்சா ஒரு டாலருக்கு 8 டாலர் தர்ற குதிரை கடைசி நிமிஷத்துல 4 டாலர் ஆச்சுன்னா உள்ள யாருக்கோ என்னமோ தெரியும்னு அர்த்தம் இல்ல, ஒரே ஒரு ஆளு கொஞ்சம் பெருசா கட்டினாலே போதும்.

நியூசிலாந்துல மொத்தமா நிறுத்தினாங்களே, அது சரியா? எங்க வரிப் பணத்தை ரேஸுக்கு குடுத்தது சரியா?
– வாசகி, ஆக்லாந்து

நிறுத்தினது சரி, 2020 மார்ச் 25 நள்ளிரவுல லெவல் 4 ஊரடங்கு, அதுல சல்கிக்கு மட்டும் விலக்கு குடுத்திருந்தா நாலு லட்சம் கடைக்காரங்க சண்டைக்கு வந்திருப்பாங்க. மே கடைசிலதான் ஹார்னஸ் திரும்ப ஆரம்பிச்சுது. அரசு குடுத்தது 72.5 மில்லியன் டாலர், அதுல 50 மில்லியன் அவசர உதவி, 20 மில்லியன் எல்லா சீசனுக்கும் தாங்குற ஓட்டப் பாதை போட. வேடிக்கை என்னன்னா அந்தப் பாதை பாய்ச்சல்ல ஓடுற காலோப் குதிரைக்குத்தான், ஹார்னஸுக்கு அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. அப்போ ரேஸிங் மந்திரி வின்ஸ்டன் பீட்டர்ஸ், அவருக்கு ரேஸ்னா உயிரு, இதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். ஆனா கண்டிப்பா நிறுத்தினதோட பலனையும் பாத்தாங்க, அந்த நவம்பர்ல கிறைஸ்ட்சர்ச் அடிங்டன் ட்ராக்ல கப் டே (நியூசிலாந்து கப் நடக்குற நாள்) முழு கூட்டத்தோட நடந்துச்சு, செல்ஃப் அஷ்யூர்ட்னு ஒரு குதிரை ஜெயிச்சது. அதே 2020ல சிட்னில நடக்க வேண்டிய இன்டர் டொமினியன் (ஆஸ்திரேலியா நியூசிலாந்து ஹார்னஸ் சாம்பியன்ஷிப்) ரத்து, 2021லதான் மெனாங்கிள்ல நடந்து பான்செல் பெஞ்சமின் ஜெயிச்சுது.

சுவீடன்ல நிறுத்தவே இல்ல, தெரியுமா? அப்போ சனிக்கிழமை ஆனா எங்க ஆபீஸே வி75 சீட்டு போடும்.
– வாசகர், ஸ்டாக்ஹோம்

தெரியும், வி75ங்குறது ஏழு ரேஸ்ல யார் ஜெயிப்பான்னு சொல்ற சீட்டு, பெரிய பரிசுக்கு ஏழும் சரியா இருக்க வேண்டியிருந்துச்சு. உலகமே மூடியிருந்தப்ப ட்ராட் ரேஸ் ஓட்டிக்கிட்டிருந்த நாடு உங்களுது, பிரான்ஸ் கூட மார்ச் நடுவுலருந்து மே 11 வரைக்கும் மூடிட்டாங்க. உங்க ஏடிஜி பெட்டிங் கம்பெனியே ட்ராட் சங்கமும் காலோப் சங்கமும் சேர்ந்து வெச்சிருக்குறது, வர்ற லாபம் ரேஸுக்கே போகும், அந்த ஏற்பாடு எனக்கு பிடிச்சிருக்கு. அதே சமயம் ஜூலைல உங்க அரசு ஆன்லைன் கேசினோவுக்கு வாரத்துக்கு 5,000 குரோனர்தான் போடலாம்னு எல்லை வெச்சாங்க பாருங்க, ஆஸ்திரேலியாவுல அப்போ அந்த மாதிரி கட்டாய எல்லை ஒண்ணும் வெக்கல.

ஸ்டூவர்ட் பத்தி பேசுறோமே, உங்க ஊர்க் கதைதான் இதுல உச்சம். 2020 மே 31, சோல்வால்லா ட்ராக்கு, ஆள் இல்லாத எலிட்லோப்பெட், உங்க ஊரோட பெரிய ட்ராட் ரேஸ், புரொபல்ஷன்னு ஒரு குதிரை ஜெயிச்சுது. ரெண்டு மூணு மாசத்துல தெரிஞ்சுது, அந்தக் குதிரைக்கு அமெரிக்காவுல இருந்தப்பவே கால் நரம்பை வெட்டுற ஆபரேஷன் ஆயிருக்கு, வலி தெரியாது. சுவீடன் விதிப்படி அப்படிப்பட்ட குதிரை ரேஸ்ல இறங்கவே கூடாது. வருஷக்கணக்கா ஓடி கோடி கோடியா ஜெயிச்சிருக்கு, எந்த ரத்த டெஸ்ட்டும் அதைப் பிடிக்கல, பேப்பர்ல இருந்த ஒரு தகவல் நாடு விட்டு நாடு வர்றப்ப காணாமப் போச்சு.

சென்னைல குதிரைப் பந்தயத்தை ஒழிச்சுட்டாங்கன்னு தாத்தா சொல்வார், அதுக்கப்புறமும் கிண்டில எப்படி ஓடிச்சு?
– வாசகர், சைதாப்பேட்டை

1974ல ஒழிக்க சட்டம் போட்டாங்க, கேஸ் இழுத்து இழுத்து 1996ல சுப்ரீம் கோர்ட் இது அதிர்ஷ்ட ஆட்டம் இல்ல, திறமை ஆட்டம்னு சொல்லிடுச்சு. திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும் இருக்கு, பணம் கட்டுற நமக்கு இருக்கான்னு மட்டும் தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க.

லாக்டவுன்ல வேலை போனதுலருந்து என் வீட்டுக்காரர் போன்ல ரேஸ் பாக்க ஆரம்பிச்சார். சூப்பர் பணம் (ஓய்வுக்கால சேமிப்பு) எடுத்ததும் அதுலயே போச்சு. இப்போ வேலைக்கு போறார், ஆனா ராத்திரி போர்வைக்குள்ள போன் வெளிச்சம் நிக்கல. சொன்னா கோவப்படுறார். என்ன பண்றது?
– பெயர் வேண்டாம், மேற்கு சிட்னி

இந்த ஒரு கடுதாசிக்காகவே இந்த இதழை எழுதணும்னு தோணுச்சு. அப்போ அரசே ஓய்வுக்கால சேமிப்புலருந்து பத்தாயிரம் பத்தாயிரமா ரெண்டு தடவை எடுத்துக்கலாம்னு திறந்து விட்டாங்க, கிரெடிட் கார்டுல பெட் கட்டுறதுக்கும் அப்போ தடை இல்ல, அது 2024 ஜூன்லதான் வந்துச்சு. வீட்டுல அடைபட்டவன் கைல இதையெல்லாம் குடுத்தா என்ன ஆகும்னு அவங்களுக்கு தெரியாம இல்ல. அதனால இது உங்க வீட்டுக்காரர் ஒருத்தரோட குணக்கேடு மட்டும்னு நினைச்சு மனசைப் போட்டு உடைக்காதீங்க.

சண்டை போட்டு போனைப் பிடுங்கினா இன்னொரு போன் வரும். இப்போ பெட்ஸ்டாப்னு தேசிய பதிவேடு இருக்கு, 2023 ஆகஸ்ட்லருந்து. அவரே பேரைப் பதிஞ்சா ஆஸ்திரேலியாவுல லைசென்ஸ் உள்ள எல்லா ஆன்லைன், போன் பெட்டிங் கம்பெனியும் அவர் அக்கவுண்டை மூடியே ஆகணும், குறைஞ்சது மூணு மாசம், வேணும்னா ஆயுசு பூரா. அவருக்காக நீங்க பதிய முடியாது, அதுதான் இதுல கஷ்டம். ஆனா நீங்க தனியாவே 1800 858 858க்கு போன் பண்ணலாம், இலவசம், 24 மணி நேரம், குடும்பத்துக்காரங்ககிட்டயும் பேசுவாங்க, தமிழ்ல பேசணும்னா மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேளுங்க. சம்பளம் விழுற அக்கவுண்டை பிரிச்சு வீட்டுச் செலவு, வாடகை தனியா போகுற மாதிரி பண்ணுங்க, பேங்க்ல கார்டுக்கு சூதாட்ட தடை போட முடியுமான்னு கேளுங்க, நிறைய பேங்க் ஆப்புலயே இருக்கு. அவர்கிட்ட பேசுறப்ப ராத்திரி வேண்டாம், தோத்த உடனேயும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை காலைல சாப்பிட்டு முடிச்சு பசங்க வெளிய விளையாடுறப்ப பேசுங்க, கணக்கு பேப்பரை எடுத்து வெச்சுட்டு, குத்தம் சொல்லாம, இவ்ளோ போயிருக்கு, இவ்ளோதான் இருக்குன்னு. முதல் தடவை எழுந்து போயிடுவார். ரெண்டாவது தடவையும் போவார். போன் நம்பரை ஃபிரிட்ஜ்ல ஒட்டி வையுங்க.

சனிக்கிழமை மெல்டனுக்கு ஒரு டிப் குடுங்க சார், ப்ளீஸ்.
– வாசகர், டார்னீட்

மேல இருக்குற கடுதாசியைப் படிச்சுட்டுமா கேக்குறீங்க? சரி, போய் உக்காந்து பாருங்க, முதல் குவார்ட்டர் 31 செகண்டு தாண்டிச்சுன்னா லீடர் தப்பிச்சுட்டான்னு பக்கத்துல இருக்குறவங்ககிட்ட சொல்லிப் பாருங்க, பெரிய ஆள்னு நினைப்பாங்க. பணம் கட்டாதீங்க.